ஓகானரின் குழாய்: பாலைக்குத் தண்ணி கொண்டுபோன இன்ஜினியர்

ஒரு தங்கச் சுரங்கம் ஆரம்பிக்க என்னென்ன வேணும்னு கேட்டால் நீங்க என்ன சொல்வீங்க? தாது, எந்திரம், ஆள், பணம். பட்டியல் இப்படித்தான் போகும். 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த நான்கும் இருந்தன. தங்கம் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். லண்டன் பணக்காரர்கள் முதலீட்டைக் கொட்டினார்கள். ஆனாலும் மில்கள் ஓடத் திணறின. காரணம் ரொம்பச் சாதாரணமானது: தண்ணி இல்லை.

அந்தத் தண்ணியை 530 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாயில் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் சார்ல்ஸ் யெல்வர்ட்டன் ஓகானர். சிவில் படிக்கிறவங்க இந்தப் பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கலாம். மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இந்தக் கதையில் மெக்கானிக்கல், கெமிக்கல், மெட்டலர்ஜி எல்லாமே இருக்கு. எக்ஸாமில் வராத ஒரு பாடமும் இருக்கு.

ஒரு சின்ன மில்லுக்கு எவ்வளவு தண்ணி?

ஓகானரிடம் போவதற்கு முன்னால் அவருக்கு வந்த பிரச்சினையை நாமே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். காகிதமும் பேனாவும் எடுத்துக்குங்க.

அந்தக் காலத்துத் தங்க மில் என்பது அடிப்படையில் நம்ம உரலும் உலக்கையும்தான். கனமான இரும்பு உலக்கைகளை நீராவி எந்திரம் வரிசையாகத் தூக்கித் தூக்கிப் போடும். அதற்கு ஸ்டாம்ப் மில் என்று பெயர். அடியில் இருக்கும் இரும்பு உரலில் பாறை நொறுங்கும். நொறுங்கியதை அரித்து வெளியே கொண்டுவர உரலுக்குள் தண்ணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வரும் சேறு பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் மெல்லிய படலமாக ஓடும். தங்கத் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாதரசத்தில் சிக்காத தங்கத்தைச் சயனைடு கரைசல் கரைத்து எடுக்கும். இதில் எந்தக் கட்டத்தை எடுத்தாலும் தண்ணி இல்லாமல் நகராது.

10 உலக்கை கொண்ட ஒரு சின்ன மில்லை எடுத்துக்குவோம். ஒரு உலக்கை நாளைக்கு 2 டன் நொறுக்கினால் மொத்தம் 20 டன் தாது. ஒரு டன் தாதுவை ஓட்டிக்கொண்டு போக 6 டன் தண்ணி என்று வைத்தால் 120 டன், அதாவது ஒரு நாளைக்கு 1,20,000 லிட்டர். நம்ம ஊர் 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்கில் தினமும் பத்து லாரி.

இவ்வளவையும் புதுத் தண்ணியாகவே ஊற்றினால் கட்டுப்படியாகாது. அதனால் மில்லுக்குக் கீழே ஒரு குட்டை கட்டி, சேறு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணியை மறுபடி மில்லுக்கு ஏற்றுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு இப்படித் திரும்பி வந்தால்கூட மீதி 40,000 லிட்டரைத் தினமும் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். சேற்றோடு போவது, கசிவது, வெயில் குடிப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

வெயில் குடிப்பதை லேசாக நினைக்காதீங்க. பாலை வெயிலில் ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 500 சதுர மீட்டர் பரப்புள்ள குட்டையிலிருந்து தினமும் 5,000 லிட்டர் காணாமல் போகும். அதே அளவு தண்ணியை அகலத்தைப் பாதியாக்கி ஆழத்தை இரட்டிப்பாக்கிச் சேமித்தால் இழப்பு பாதியாகிவிடும். மேலே கூரை போட்டால் இன்னும் குறையும்.

அடுத்தது பாய்லர். 25 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்று நாள் முழுக்க ஓட 9,000 லிட்டர் வரை கேட்கும். இந்தத் தண்ணி மட்டும் நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணியை ஊற்றினால் பாய்லருக்குள் உப்பு பாறை மாதிரிப் படியும், தண்ணி நுரைத்து நீராவியோடு சேர்ந்து எந்திரத்துக்குள் போகும், கடைசியில் பாய்லரே போகும். ஆகவே மில்லுக்கு ஒரு தொட்டி, பாய்லருக்குத் தனித் தொட்டி. வரத்து மூன்று நாள் நின்றாலும் மில் நிற்கக்கூடாது என்றால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர் இருப்பு வேண்டும்.

ஒரு சின்ன மில்லுக்கே இந்தப் பாடு. இப்போ இதை ஒரு பாலைவனத்துக்கு நடுவில் வைத்துப் பாருங்க.

தூற்றி எடுத்த தங்கம்

1892-ல் கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது. 1893-ல் அதற்குக் கிழக்கே கல்கூர்லியில் கிடைத்தது. அந்தப் பகுதியில் வருடத்துக்கு 250 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஏரி என்று வரைபடத்தில் இருப்பதெல்லாம் உப்பு படிந்த வெள்ளைத் தரை. தோண்டினால் தண்ணி வரும், ஆனால் பல இடங்களில் அது கடல் தண்ணியைவிட உப்பு.

அந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்குத் தண்ணி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. கருங்கல் பாறைகளின் குழிகளில் மழைநீர் தேங்கும். பாறையின் அடிவாரத்து மணலில் ஈரம் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அளந்து குடித்த ஊற்றுகள் அவை. தங்கம் தேடி வந்த கூட்டமும் அதன் குதிரைகளும் ஒட்டகங்களும் அவற்றைச் சீக்கிரமே வற்ற வைத்தன.

தண்ணி இல்லாத இடத்தில் மண்ணை எப்படி அரிப்பது? களத்தில் நெல்லைத் தூற்றுவது போலத் தூற்றினார்கள். காய்ந்த மண்ணை ஒரு தட்டிலிருந்து காற்றில் கொட்டினால் தூசி பறந்துவிடும், கனமான தங்கம் கீழே விழும். மேல்மண்ணில் கிடந்த தங்கத்துக்கு அது போதும். பாறைக்குள் இருக்கும் தங்கத்துக்கு மில் வேண்டும், மில்லுக்குத் தண்ணி வேண்டும்.

உப்புத் தண்ணியைக் காய்ச்சி, நீராவியைக் குளிரவைத்து, நல்ல தண்ணியாக்கி விற்கும் கண்டென்சர்கள் ஊர் முழுக்க முளைத்தன. ஒரு கேலன் ஒரு ஷில்லிங்வரை விற்ற நாட்களும் உண்டு. இதையும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ விறகு எரித்தால் நல்ல கண்டென்சரிலேயே மூன்று லிட்டர் தண்ணிதான் தேறும். நம்ம 10 உலக்கை மில்லின் பாய்லருக்கு 9,000 லிட்டர் வேண்டும் என்றால், தண்ணி தயாரிக்க மட்டுமே தினம் 3 டன் விறகு. பிறகு அந்தத் தண்ணியைப் பாய்லரில் மறுபடி காய்ச்ச இன்னும் விறகு. சுற்றியிருந்த காடு வேகமாகக் கரைந்தது.

குளிக்கத் தண்ணி இல்லை, கை கழுவத் தண்ணி இல்லை. டைபாய்டு பரவியது. தங்கம் தேடி வந்த இளைஞர்கள் கூடாரங்களில் செத்தார்கள். அரசாங்கம் கருங்கல் பாறைகளைச் சுற்றிச் சின்னச் சுவர் கட்டி மழைநீரைத் தொட்டிக்குத் திருப்பியது. அது நல்ல யோசனைதான், ஆனால் மழை பெய்தால்தானே? 1896-ல் கூல்கார்டிக்கு ரயில் வந்தபோது ரயில் எஞ்சினும் தண்ணி கேட்டது. குடிக்கிறவர், மில், ரயில் மூன்று பேரும் ஒரே காலித் தொட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள்.

மழைக்காட்டிலிருந்து பாலைக்கு

ஓகானர் 1843 ஜனவரி 11 அன்று அயர்லாந்தில் மீத் மாவட்டத்தில் பிறந்தார். அவர் சின்னப் பையனாக இருக்கும்போதுதான் அந்த நாட்டின் பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. ரயில்வே இன்ஜினியர் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். நம்ம மாதிரி நாலு வருடம் வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய பட்டம் இல்லை, முழுக்கக் களத்தில் படித்த படிப்பு.

1865-ல் 22 வயதில் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே தெற்குத் தீவின் மலைகளைக் குறுக்கே வெட்டிப் போடும் சாலை வேலையில், ஒட்டிரா பள்ளத்தாக்கில் பணி. அது வருடத்துக்குப் பல மீட்டர் மழை கொட்டும் இடம். அந்த மேற்குக் கரையும் தங்க பூமிதான். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தங்க வயல்களுக்குத் தண்ணி கொண்டுபோகும் வேலை அவருக்கு அங்கேயே பழக்கமாகிவிட்டது. சாலை, ரயில், துறைமுகம் என்று 25 வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் உழைத்தார். 1874-ல் சூசன் லெட்டிஷியா நெஸ் என்பவரை மணந்தார். அவர்கள் மகள் கேத்லீன் பின்னாளில் பெயர்பெற்ற ஓவியரானார்.

உயர்ந்த பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்த நேரத்தில் அது வரவில்லை. அப்போதுதான் மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வர் ஜான் ஃபாரெஸ்ட் அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்தார். என் வேலை ரயிலா, துறைமுகமா என்று ஓகானர் தந்தியில் கேட்க, எல்லாமே உங்கள் பொறுப்புதான் என்ற பொருளில் பதில் வந்தது. 1891-ல் அவர் வந்து இறங்கியபோது அந்தப் பரந்த நிலத்தில் வந்தேறிகளின் மக்கள்தொகை சுமார் 50,000.

முதலில் ஃப்ரீமாண்டில் துறைமுகம். ஆற்று வாயை அடைத்திருந்த சுண்ணாம்புப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, ஆற்றுக்குள்ளேயே துறைமுகம் கட்டலாம் என்றார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய துறைமுக நிபுணர்களில் ஒருவரான சர் ஜான் கூட், மணல் வந்து மூடிவிடும் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார். ஓகானர் மணலின் நகர்வை அளந்து பார்த்து, மூடாது என்று முடிவு செய்தார். 1897-ல் துறைமுகம் திறந்தது. இன்றும் கப்பல் வருகிறது.

ஏன் இவ்வளவு பெரிய குழாய்?

1896-ல் தங்க வயல் தண்ணித் திட்டம் சட்டசபைக்கு வந்தது. பெர்த் நகருக்குப் பக்கத்து மலையில் ஹெலினா ஆற்றின் குறுக்கே முண்டாரிங்கில் அணை. அங்கிருந்து கூல்கார்டிக்கு 530 கிலோமீட்டர் எஃகுக் குழாய், விட்டம் 30 அங்குலம். ஒரு நாளைக்கு 50 லட்சம் கேலன், அதாவது சுமார் 2 கோடியே 27 லட்சம் லிட்டர். கடன் 25 லட்சம் பவுண்டு. அது அந்த அரசின் ஒரு வருட வருமானத்துக்குப் பக்கத்தில் இருந்த தொகை.

எதிர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிச்சுக்குங்க. தங்கம் தீர்ந்துபோனால் குழாயை யார் சாப்பிடுவது என்றார்கள். ஆழமாகத் தோண்டினால் உள்ளூரிலேயே நல்ல தண்ணி வரும் என்றார்கள். சின்னதாக ஒன்று போட்டுப் பார்த்தால் போதாதா என்றும் கேட்டார்கள்.

கடைசிக் கேள்விக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பதில் சொல்லும். ஒரே உராய்வு இழப்பில் குழாய் கடத்தும் அளவு ஏறக்குறைய விட்டத்தின் இரண்டரை அடுக்குக்கு உயரும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணி சுமார் ஐந்தரை மடங்கு. தகடு அதே தடிமன் என்றால் எஃகு இரண்டு மடங்குதான். பள்ளம் தோண்டும் கூலி கொஞ்சம்தான் கூடும். லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரிய குழாய்தான் மலிவு. ஆயிரம் கேலனை மூன்றரை ஷில்லிங்குக்குக் கொடுக்க முடியும் என்பது திட்டத்தின் கணக்கு. கண்டென்சர் காலத்தில் ஒரு கேலனே ஒரு ஷில்லிங் போனதை நினைச்சுப் பாருங்க.

அடுத்தது உயரம். அணையிலிருந்து தங்க வயலுக்குத் தண்ணி சுமார் 390 மீட்டர் ஏற வேண்டும். அதோடு 530 கிலோமீட்டர் உராய்வு. அதை ஒரு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 690 மீட்டர் ஹெட். இதை அணையடியில் ஒரே பம்ப் ஸ்டேஷனில் கொடுத்தால் என்ன ஆகும்? அழுத்தம் சுமார் 69 பார். கால் அங்குலத் தகட்டில் 30 அங்குலக் குழாய் என்றால், அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி இரண்டு மடங்கு தடிமனால் வகுங்க. 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். அந்தக் காலத்துச் சாதா எஃகு அதைத் தாங்காது, குழாய் வாழைப்பட்டை மாதிரிக் கிழியும். எட்டாகப் பிரித்தால் சராசரி 50 மெகாபாஸ்கலை ஒட்டி வந்துவிடும். அதனால்தான் எட்டு பம்ப் ஸ்டேஷன்கள்.

முதல் இரண்டும் முண்டாரிங்கில். பிறகு கண்டர்டின், மெரடின், யெர்பில்லன், கூலி, கில்காய், டெடாரி. மொத்தம் 20 நீராவிப் பம்புகள். லண்டனின் ஜேம்ஸ் சிம்ப்சன் கம்பெனி செய்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓடுவதற்கு மேல் ஒன்று மாற்றுக்காகக் கூடுதலாக நிற்கும். 1897-ல் லண்டனில் கூடிய வல்லுநர் குழு இந்தக் கணக்கையெல்லாம் சரிபார்த்தது. இயந்திரவியலில் பெயர்பெற்ற பேராசிரியர் அன்வின் அதில் ஒருவர்.

குழாயைவிட முக்கியம் தொட்டி

வெறும் குழாயும் பம்பும் இருந்தால் ஓர் இடத்தில் ஏதாவது உடைந்தவுடன் மொத்தமும் நின்றுவிடும். ஓகானரின் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது அவர் தண்ணியை எங்கெங்கே நிறுத்தி வைத்தார் என்பதைத்தான்.

முதல் இருப்பு முண்டாரிங் அணை. அங்கே மழை குளிர்காலத்தில் மட்டும். தங்க வயலுக்குத் தண்ணி அதிகம் தேவைப்படுவது கோடையில். அணையின் கொள்ளளவு 460 கோடி கேலன். நாளைக்கு 50 லட்சம் கேலன் எடுத்தால் 920 நாள். ஆவியாவதைக் கழித்தாலும் மழை பொய்த்த ஒரு வருடத்தைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது, பம்ப் ஸ்டேஷன்களின் தொட்டிகள். ஒரு ஸ்டேஷனின் பம்ப் அடுத்த ஸ்டேஷனின் தொட்டியில் ஊற்றும், அங்கிருந்து அடுத்த பம்ப் எடுக்கும். ஓர் இடத்தில் சின்னக் கோளாறு வந்தால் மற்றவை உடனே நிற்காது. ஒரு பகுதியின் அழுத்தம் அடுத்த பகுதிக்குத் தாவாது.

மூன்றாவது, கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால் புல்லா புல்லிங் என்ற மேட்டில் பெரிய நீர்த்தேக்கம். அதிலிருந்து கூல்கார்டிக்கும், பிறகு கல்கூர்லியின் மவுண்ட் சார்லட் தேக்கத்துக்கும் தண்ணி தானாகவே இறங்கி ஓடும். மில்காரருக்குத் தினமும் தேவைப்படும் தண்ணி எங்கோ தூரத்தில் ஓடும் எந்திரத்தை நம்பி இல்லை, பக்கத்து மேட்டில் நிற்கிறது. நம்ம 10 உலக்கை மில்லுக்கு மூன்று நாள் இருப்பு வைத்தோம் இல்லையா, அதே யோசனைதான். அளவுதான் வேறு.

குழாய்க்குள் இருக்கும் தண்ணியும் சின்ன இருப்பு இல்லை, 24 கோடி லிட்டர். முழு ஓட்டத்தில் தண்ணியின் வேகம் வினாடிக்கு 0.58 மீட்டர். நீங்க கேண்டீனுக்கு நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. அணையை விட்ட ஒரு சொட்டு கூல்கார்டி போய்ச்சேரப் பத்தரை நாள்.

குழாயே ஒரு கண்டுபிடிப்பு. அன்றைய எஃகுக் குழாய்களில் நீளவாக்கில் வரிசையாக ரிவெட் அடிப்பார்கள். ரிவெட் துளையில் கசியும், உள்ளே துருத்தும் தலை ஓட்டத்தைத் தடுக்கும். மெஃபன் ஃபெர்குசன் என்ற ஆஸ்திரேலியர் ரிவெட்டே இல்லாத குழாய் செய்திருந்தார். அரை வட்டமாக வளைத்த இரண்டு தகடுகளின் ஓரத்தை ஒரு பூட்டுச் சட்டத்தின் இரு பள்ளங்களில் செருகி அழுத்தி மூடுவது அவர் முறை. ஓகானர் அதைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றும் 28 அடியில் சுமார் 60,000 குழாய்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் ஈயம் உருக்கி ஊற்றி, இடித்து இறுக்கினார்கள். அதற்கும் மின்சாரத்தில் ஓடும் எந்திரம் ஒன்று பின்னர் வந்தது.

கணக்கு சரி, ஆனால்

வேலை எளிதாகப் போகவில்லை. கடன் கிடைக்கத் தாமதம். அணைக்கு அடித்தளம் தோண்டியபோது பாறையில் ஆழமான பிளவு தென்பட்டு, அதைத் தோண்டி அடைக்க நாளும் பணமும் போனது. 1901-ல் ஃபாரெஸ்ட் புதிய ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசுக்கு அமைச்சராகப் போய்விட்டார். அவருக்குப் பின் அந்த ஒரே வருடத்தில் முதல்வர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓகானருக்காகச் சபையில் எழுந்து பேச ஆள் இல்லை.

பெர்த்தின் சண்டே டைம்ஸ் பத்திரிகை அவரை வாராவாரம் தாக்கியது. திட்டம் முட்டாள்தனம் என்பதில் ஆரம்பித்து, அவர் ஊழல்வாதி என்பது வரை போனது. அவர் அரசு ஊழியர். பத்திரிகையில் பதில் எழுத முடியாது. குழாய் இணைப்பு ஒப்பந்தம் பற்றிய சர்ச்சையைத் தொடர்ந்து 1902-ன் தொடக்கத்தில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வேலைப் பளுவில் ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருந்தவர், இன்னும் ஒடுங்கிப்போனார். 1902 மார்ச் 10 காலை, ஃப்ரீமாண்டிலுக்குத் தெற்கே கடற்கரையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 59. கடைசியாக எழுதி வைத்த குறிப்பிலும் திட்டம் நிறைவேறக்கூடியது என்பதை அழுத்திச் சொல்லி, அணையின் ஒரு வேலையை எப்படி முடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆணையம் தன் வேலையை முடித்தபோது ஓகானர் மீது ஊழல் எதுவும் நிரூபணமாகவில்லை.

இணையத்தில் ஒரு கதை சுற்றும், நீங்களும் பார்த்திருப்பீங்க. திறப்பு விழாவில் குழாயைத் திறந்தும் தண்ணி வரவில்லை, அவமானத்தில் அவர் இறந்தார், மறுநாள் தண்ணி வந்தது என்று. உருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் பொய். அவர் இறந்தது 1902 மார்ச். திறப்பு விழா 1903 ஜனவரி. நடுவில் பத்து மாதம். தண்ணி வராததால் அவர் சாகவில்லை. வேலை பாதியில் இருக்கும்போதே, அது வராது என்று ஊரே கத்திய சத்தத்தில் தனியாக நின்றவர் அவர்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்லணும். அரியரோ, ப்ராஜெக்டோ, வீட்டு நிலவரமோ, நாலு பேர் பேசுவதோ உங்களை அந்த மாதிரி ஓரத்துக்குத் தள்ளினால் தனியாக நிற்காதீங்க. ரூம்மேட்டிடம் சொல்லுங்க, பிடித்த ஒரு ஆசிரியரிடம் சொல்லுங்க. யாரிடமும் சொல்ல முடியலைன்னா டெலி மானஸ் எண் 14416 இருக்கு. பக்கத்தில் யாராவது அமைதியாகிவிட்டால் நீங்களே போய்க் கேளுங்க.

தண்ணி வந்தது

மீதி வேலையை அவர் கீழ் வேலை பார்த்த இன்ஜினியர்கள் அவர் வரைந்தபடியே முடித்தார்கள். 1903 ஜனவரி 22 அன்று முண்டாரிங்கில் ஃபாரெஸ்டின் மனைவி பம்பை இயக்கித் தொடங்கி வைத்தார். ஜனவரி 24 அன்று கூல்கார்டியிலும் கல்கூர்லியிலும் ஃபாரெஸ்ட் தண்ணியைத் திறந்துவிட்டார். செலவு மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே முடிந்தது. இதைவிட அரிதான சாதனை வேறு எதுவும் இல்லை என்று எந்தக் காண்ட்ராக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

பாய்லர்களுக்கு நல்ல தண்ணி கிடைத்தது. கண்டென்சர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. வீடுகளில் குழாய் வந்தது, தோட்டம் வந்தது. பிறகு யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. குழாய் போன வழியெல்லாம் கிளைகள் பிரிந்து, கோதுமை வயல்களுக்கும் கால்நடைகளுக்கும் ஊர்களுக்கும் தண்ணி போனது. தங்கம் தீர்ந்தால் குழாய் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதுவே பதிலானது.

திட்டத்தில் குறையே இல்லை என்றும் சொல்லக்கூடாது. பள்ளத்தில் புதைத்த குழாயை உப்பு மண் அரித்தது. பின்னாளில் பெரும்பகுதியைத் தரைக்கு மேலே எடுத்துப் போட வேண்டியிருந்தது. நீராவிப் பம்புகள் போய் மின்சாரப் பம்புகள் வந்தன. அணையை உயர்த்தினார்கள். குழாய்களையும் துண்டு துண்டாக மாற்றினார்கள். ஆனால் முண்டாரிங்கிலிருந்து கல்கூர்லிக்கு அதே தடத்தில் இன்றும் தண்ணி ஓடிக்கொண்டிருக்கிறது.

கெமிக்கல், மெட்டலர்ஜி நண்பர்களுக்கு ஒரு தகவல். கல்கூர்லி வட்டார மில்கள் தாது அரைக்க இன்றும் பெரும்பாலும் உப்பு நிலத்தடி நீரையே பயன்படுத்துகின்றன. அதில் இருக்கும் மக்னீசியம், சயனைடு தொட்டியின் காரத்தன்மையை உயர்த்தப் போடும் சுண்ணாம்பைத் தின்றுவிடும். அதனால் காரத்தன்மையைக் குறைவாக வைத்தே ஓட்டப் பழகியிருக்கிறார்கள். எந்த வேலைக்கு எந்தத் தண்ணி போதும் என்று பிரிப்பதுதான் மில் தண்ணி நிர்வாகத்தின் முதல் பாடம். அது அன்றும் அதேதான், இன்றும் அதேதான்.

ஃப்ரீமாண்டிலில் துறைமுகத்தைப் பார்த்தபடி ஓகானருக்கு ஒரு சிலை இருக்கிறது, 1911-ல் வைத்தது. அவருடைய வேலையைப் பார்க்கணும்னா சிலை தேவையில்லை. பெர்த்திலிருந்து கல்கூர்லிக்குக் காரில் போகிறவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரமாகவே குழாய் கூட வரும், மணிக்கணக்காக. அடுத்த தடவை டிசைன் ப்ராஜெக்டில் தேவையைக் கணக்கிட்டு முடித்ததும் பம்ப் கேட்டலாக்கைத் திறக்காதீங்க. தொட்டியை எங்கே வைக்கணும், அது எத்தனை நாள் தாங்கணும் என்பதை முதலில் எழுதுங்க.